என் இடத்தில் ஒரு தகரப் பெட்டி

1

எனக்கு ஒரு தகரப் பெட்டியின் மேல் பொறாமை. சிரிக்காதீர்கள். சக்களத்தி மேல் பொறாமை என்றால் நாலு பேர் வந்து உட்கார்ந்து ஆறுதல் சொல்வார்கள். பிஸ்கட் டின் மேல் பொறாமை என்றால் யாரிடம் போய் மூக்கைச் சிந்துவது? அதனால்தான் கடல் தாண்டி உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் பட்டுக்கோட்டைப் பெண். பெயர் வசந்தா. கல்யாணம் முடித்து மலேசியாவுக்கு, பேராக் மாநிலத்தில் இருக்கும் ஈப்போவுக்கு வந்து இந்த மாதத்தோடு எட்டு வருஷம் முடிகிறது. என் வீட்டுக்காரர் ராஜேந்திரன் இந்த மண்ணிலேயே பிறந்தவர். டவுனில் ஒரு சீனத் தவுக்கேயின் கடையில் டெலிவிஷன் ரிப்பேர் பார்க்கிறார். தவுக்கே என்றால் முதலாளி. நாங்கள் குடியிருப்பது ஊருக்குச் சற்று வெளியே, ஜெலாப்பாங்கில். தோட்டங்களில் இப்போது பாதி வீட்டுக்கு டி.வி. வந்துவிட்டது. பழுதானால் அதைத் தூக்கிக்கொண்டு ஈப்போவுக்கு வர முடியுமா? கருவிப் பையை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு இவர்தான் போகவேண்டும். கோப்பெங், கம்பார், தாப்பா, பீடோர் என்று தெற்கே இறங்கிச் சுங்காய் வரைக்கும் ரப்பரும் செம்பனையுமாகத் தோட்டங்கள்.

டி.வி.யைத் திறந்தால் இவர் கை நடுங்காது. ஆனால் வழி விஷயத்தில் மனுஷன் சுத்த மோசம். அப்படித்தான் எட்டு வருஷமாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வந்த புதிதில் ஒருநாள் வேலை முடிந்து வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் நின்றார். "வசந்தா, நாளைக்கு நீயும் என்கூட வா. சுங்காய் பக்கம் தோட்டத்துல ஒரு வேலை. எனக்கு அங்க சிம்பாங் எல்லாம் குழப்பிடும்லா" என்றார். சிம்பாங் என்றால் ரோடு பிரிகிற இடம். பேச்சின் முடிவில் லா போடுவது இந்த ஊர் வழக்கம்.

"நல்லா இருக்கே! நானே போன மாசம் வந்து இறங்கினவ. எனக்கு என்ன தெரியும்?"

"அதான் வேணும். பொறந்ததுலேர்ந்து பாத்த கண்ணுக்கு எல்லா மரமும் ஒண்ணுதான். புதுசா பாக்குறவங்களுக்குத்தான் ஞாபகம் நிக்கும். நீ பின்னால உக்காந்து பாத்து வெச்சுக்க. திரும்பி வர்றப்ப சொல்லு."

எனக்கு வழி சொல்லும் வேலை! பட்டுக்கோட்டையில் பஸ் ஸ்டாண்டுக்குக்கூட நான் தனியாகப் போனதில்லை. எங்கள் வீட்டில் சைக்கிள் அண்ணனுக்கு. மணிக்கூண்டுப் பக்கம், பெரிய கடைத்தெரு என்று அவன் சுற்றிவிட்டு வந்து கதை கதையாகச் சொல்வான். நான் சோற்றைப் போட்டுக்கொண்டே உள்ளுக்குள் வெந்து போவேன். எனக்குப் பொறாமை புத்தி அப்போதே உண்டு. அம்மாவைக் கேட்டால், "அவன் ஆம்பளைப் புள்ள, உனக்கு என்னடி?" என்பாள். எனக்கு என்னவா? எனக்கும் ஒரு சீட் வேண்டும், அவ்வளவுதான்.

அந்தச் சீட் எனக்குப் பேராக்கில் கிடைத்தது.

புதன்கிழமை தோறும் சுங்காய் பக்கம். கழுத்து வலிக்க நான் பார்த்துக்கொண்டே போவேன். கித்தா மரம், அதாவது ரப்பர், முடிந்து செம்பனை ஆரம்பிக்கும் இடத்தில் இடது. தண்ணீர் டாங்கி தெரிந்ததும் வலது. முனியாண்டி கோயில் வந்தால் ஒரு தரம் ஹார்ன் அடித்துவிட்டு நேரே. இங்கே தோட்டத்து எல்லையில் முனியாண்டி இருந்தால் வண்டிக்காரர்கள் ஹார்ன் அடிக்காமல் கடக்கமாட்டார்கள். இவர் மறந்தாலும் நான் முதுகில் தட்டி அடிக்கச் சொல்வேன். இவர் ஒவ்வொரு சிம்பாங்கிலும் வேகத்தைக் குறைத்து, தலையை லேசாகப் பின்னால் சாய்த்து, "எங்கலா?" என்று கேட்பார். நான் சொல்வேன். வண்டி திரும்பும். ஒரு மனுஷனும் ஒரு மோட்டார் சைக்கிளும் என் ஒரு சொல்லுக்குத் திரும்புவது என்ன மாதிரி சுகம் என்று என் அண்ணனுக்குத் தெரியாது. அவன் சைக்கிள் அவனே திருப்பினால்தான் திரும்பும்.

மகள் பிறந்த பிறகும் இது நிற்கவில்லை. கவிதாவை நடுவில் உட்காரவைத்துக்கொண்டு போனோம்.

2

இந்த ஜனவரியில் கவிதா ஒன்றாம் வகுப்புக்குப் போனாள். மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டதும் யாராவது கூட்டிவர வேண்டும். சுங்காய் போய்விட்டு அதற்குள் திரும்புவது நடக்காத காரியம். போதாக்குறைக்கு, ஒரு வண்டியில் மூன்று பேர் போனோம் என்று கம்பார் பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் நிறுத்தி அபராதச் சமான் வேறு எழுதிக் கொடுத்துவிட்டார். ஆக, என் புதன்கிழமைகள் போயின.

"நீங்க எப்படித் தனியாப் போவீங்க?" என்று கேட்டேன். உண்மையாகவே கவலைதான். கொஞ்சம் பெருமையும் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை.

"அதான் யோசிக்கிறேன்" என்றார். அப்புறம் ஒரு வாரம் பின்கட்டில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தார்.

பிஸ்கட் டின் ஒன்றைப் படுக்கவைத்து, மூடியில் சதுரமாக ஒரு ஜன்னல் வெட்டினார். பழைய எக்ஸ்ரே படத்தைக் கழுவித் தெளிவாக்கி ஜன்னலுக்குக் கண்ணாடியாக ஒட்டினார். உள்ளே குடைக்கம்பியை அறுத்து மேலே ஒன்று, கீழே ஒன்றாக இரண்டு உருளைகள். அவற்றின் முனையில் பழைய ரேடியோவின் திருகுகள். கடையில் கணக்கு மெஷினுக்குப் போடும் நீளக் காகிதச் சுருள் இருக்கிறதல்லவா, அதில் வழி முழுவதையும் வரி வரியாக எழுதி, ஓர் உருளையிலிருந்து மற்றதுக்குச் சுற்றிவிட்டார். இடது கைக் கட்டைவிரலால் திருகைத் திருப்பினால் ஜன்னலில் அடுத்த வரி வரும். எத்தனையாவது கட்டை, என்ன அடையாளம், இடதா வலதா. எல்லாம் மூன்று மூன்று வரியாகத் தெரியும். கட்டை என்றால் இங்கே மைல் கல்.

ஆன்டெனா மாட்டுகிற கிளிப்பால் ஹேண்டிலில் பெட்டியை இறுக்கினார். முதல்நாள் ஓட்டிப் பார்த்ததில் வண்டியின் ஆட்டத்துக்குச் சுருள் தானாகவே சுற்றிக்கொண்டு, ஈப்போவைத் தாண்டுவதற்குள் பீடோர் வந்துவிட்டது. நான் வாசலில் நின்று வாய்விட்டுச் சிரித்தேன். மறுநாள் பழைய சைக்கிள் டியூபை வெட்டிப் பெட்டிக்கு அடியில் மெத்தை கொடுத்து, செருப்புத் துண்டு ஒன்றை உருளையோடு உரசுகிற மாதிரி வைத்தார். அதற்குப் பிறகு அது அசையவில்லை. மழைக்குப் பிளாஸ்டிக் உறை. இருட்டுக்கு ஹெட்லைட் ஒயரிலிருந்து இழுத்து ஒரு குட்டி பல்ப். பல்ப் எரிந்ததும் இவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்திருக்கவேண்டும் நீங்கள். கவிதா பிறந்தபோதுகூட அவ்வளவு இல்லை.

அதுவரை நான் பொறுத்துக்கொண்டேன். சுருளைப் பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது. கையால் எழுதியது இல்லை. அழகாக, கோணாமல், பெரிய எழுத்தில் மலாய் மொழியில் டைப் அடித்திருந்தது.

"யார் அடிச்சுக் கொடுத்தது?"

"கடையில புஷ்பாதான். நான் சொல்லச் சொல்ல அடிச்சுது. நல்ல பிள்ளைலா."

புஷ்பா கடையின் கிராணி, அதாவது கணக்குப் பிள்ளை. இருபத்தைந்து வயது இருக்கும். குட்டை முடி. அவளே ஒரு மோட்டார் ஓட்டிக்கொண்டு வேலைக்கு வருவாள். என்னை அக்கா என்பாள், இவரை அண்ணே என்பாள். அண்ணே என்று கூப்பிட்டுவிட்டால் ஆயிற்றா? இந்த ஊரில் காய்கறிக்காரனுக்கும் அண்ணே, பஸ் டிரைவருக்கும் அண்ணே. எட்டு வருஷம் தூசி தின்று, மழையில் நனைந்து நான் சேர்த்து வைத்த வழியை, ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து ஒருத்தி டக்டக்கென்று அடித்துக் கொடுத்துவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

3

புது வண்டி என்றாலும் வண்டிக்குப் புதுச் சாமான் என்றாலும் பூஜை போடாமல் எடுக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. வெள்ளிக்கிழமை காலையில் சூடம் காட்டி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். பெட்டிக்குச் சந்தனம் தடவி, நல்ல பெரிய குங்குமப் பொட்டு வைத்தேன். அது ஜன்னலின் நடுவில் பளிச்சென்று உட்கார்ந்துகொண்டது. வேறு எங்கே வைப்பதாம்? முகம் என்று அதற்கு இருப்பதே அந்த ஜன்னல்தானே.

இவர் குனிந்து பார்த்தார். மூன்று வரியில் நடுவரி பொட்டுக்குப் பின்னால் போய்விட்டது. இடதா வலதா என்பது அந்த வரியில்தான் இருக்கும்.

"வசந்தா, கொஞ்சம் ஓரமா வெச்சிருக்கலாம்."

"துடைச்சுக்குங்க" என்றேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

துடைக்கவில்லை. சாமிக்கு வைத்த பொட்டைத் துடைக்க இந்த ஊரில் எவனுக்கும் தைரியம் வராது. விரலைக் கொண்டுபோனார், கன்னத்தில் போட்டுக்கொண்டார், கிளம்பிவிட்டார்.

அடுத்து வந்த புதன்கிழமை இவர் சுங்காய்க்குப் போன பிறகு, நாள் முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. தொலைந்து போகட்டும் என்றும் நினைத்தேன், ஐயோ தொலைந்துவிடப் போகிறாரே என்றும் நினைத்தேன். வழக்கமாக நாங்கள் திரும்புகிற நேரத்துக்கு முன்னாலேயே வண்டிச் சத்தம் கேட்டது. பொட்டு அப்படியே இருந்தது.

"எப்படிப் போனீங்க?"

"கிரா-கிராதான். பெட்டி நல்லாத்தான் வேலை செய்யுது." கிரா-கிரா என்றால் உத்தேசமாக.

மூன்றில் ஒரு வரி தெரியாமலே அந்தப் பெட்டி இவரைச் சுங்காய்க்குக் கொண்டுபோய், சீக்கிரமாகவும் திருப்பி அனுப்பியிருக்கிறது. நான் பின்னால் இருந்தால் ஒவ்வொரு சிம்பாங்கிலும் வேகத்தைக் குறைத்துக் கேட்பாரே! அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் ரசத்துக்கு உப்புப் போட மறந்துவிட்டேன். இவர் அதையும் நல்லாயிருக்கு என்று குடித்தார்.

4

பெட்டி வந்த பிறகு வீட்டில் எனக்கு இன்னொரு எதிரி முளைத்தாள். என் மகள்.

சாயங்காலம் இவர் வண்டியை உள்ளே தள்ளியதும் கவிதா ஓடிப்போய் பெட்ரோல் டாங்கியின் மேல் ஏறி உட்காருவாள். திருகைத் திருப்பித் திருப்பிச் சுருளை வாசிப்பாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை, மலாயைத் தண்ணீர் மாதிரி வாசிக்கிறது. நான் எட்டிப் பார்த்தால் எனக்கு ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டவேண்டியிருக்கிறது. மலாயை இங்கிலீஷ் எழுத்தில்தான் எழுதுகிறார்கள். பட்டுக்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் எனக்கு அது அரைகுறையாகத்தான் வந்தது.

"அம்மா, நீ ரொம்ப ஸ்லோலா" என்றாள் ஒருநாள்.

"லா போடாம பேசுடி."

"எல்லாரும் போடறாங்க. அப்பாகூடப் போடறாரு. நீ மட்டும்தான் போடல."

தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம் என்று நான் எவ்வளவோ சொன்னேன். "இங்க பொழைக்கப்போற பிள்ளை, மலாய் நல்லா வரணும்" என்று இவர் ஒரே பிடியாக நின்றார். அவர்கள் இரண்டு பேருக்கும் நீல அடையாளக் கார்டு, அதாவது பிரஜை. எனக்கு மட்டும் சிவப்புக் கார்டு. இருக்கலாம், ஆனால் சொந்தக்காரி இல்லை என்று அர்த்தம். அலமாரியில் மூன்றும் ஒன்றாக இருக்கும். துணி எடுக்கப் போகும்போதெல்லாம் அந்த நீலத்தைப் பார்த்து எனக்கு எரியும்.

சிவப்புக் கார்டு வாங்குவதற்கே நான் பட்டது பெரிய கதை. குடிநுழைவு அலுவலகத்தில் ஓர் அதிகாரி, எங்கே குடியிருக்கிறீர்கள் என்று மலாயில் கேட்டார். எனக்குத் தெரிந்த மலாய் முழுக்க மோட்டார் சைக்கிளில் கற்றது. "தெருஸ், சிம்பாங், கீரி, அடா கெடாய், கானான்" என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். நேரே, ரோடு பிரியும், இடது, ஒரு கடை இருக்கும், வலது. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "நான் உங்கள் வீட்டுக்கு வரப்போவதில்லை அம்மா, விலாசத்தைச் சொல்லுங்கள்" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இவரும்தான் சிரித்தார். ஆனால் வெளியே வந்ததும், "வழி கரெக்டா சொன்னேலா நீ" என்றார். அந்த ஒரு வார்த்தையை நான் வருஷக்கணக்காக வைத்துக்கொண்டிருந்தேன். இந்த நாட்டில் எனக்குப் பாஷை அரைகுறை, கார்டு சிவப்பு, ஆனால் வழி தெரியும். பிறந்து வளர்ந்த என் புருஷனுக்கே நான்தான் வழி சொல்கிறேன். இது ஒன்றுதான் என் கையில் இருந்தது. அதைத்தான் பிஸ்கட் டின்னுக்குள் போட்டு மூடிவிட்டார்கள்.

5

போன மாதம் பள்ளி விடுமுறை வந்தது. புதன்கிழமைக்கு முதல்நாள் இவர் என்னிடம், "நாளைக்கு வாரியா? கவிதாவைப் புஷ்பா வீட்டுல விடலாம். அதுக்கு லீவுதான். தானா கேட்டுச்சு" என்றார்.

புஷ்பா வீட்டிலா? கவிதா அதற்குள் குதிக்க ஆரம்பித்துவிட்டாள். வேண்டாம் என்று சொல்ல வாய் எடுத்தேன். ஆனால் சீட் ஆசை யாரை விட்டது? சரி என்றேன்.

காலையில் பசியாறிவிட்டுக் கிளம்பினோம். பெட்டி எனக்கு முன்னால் போகிறது, நான் பின்னால். அன்றைக்கு நான் ஒரு முடிவோடுதான் ஏறினேன். எந்தச் சிம்பாங்கானாலும் இவர் கட்டைவிரல் திருகுக்குப் போவதற்குள் நான் சொல்லிவிடவேண்டும். சொன்னேன். "நேரே!" "டாங்கிக்கு அப்புறம் வலது!" "ஹார்ன் அடிங்க, முனியாண்டி!" தாப்பாவைத் தாண்டுவதற்குள் தொண்டை வறண்டுவிட்டது. பெட்டி ஒரு வார்த்தை பேசாமல் எல்லாம் சரியாகக் காட்டிக்கொண்டிருந்தது.

சுங்காயில் தோட்டத்துக்குப் பிரிகிற இடத்தில் புதிதாக ஒரு டீக்கடை. தகரக் கொட்டகை, இரண்டு பெஞ்சு. தொண்டை நனைக்க இறங்கினோம். கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும், தோளில் துண்டு. இவரைப் பார்த்ததும் டீ ஆற்றுகிற கை அப்படியே நின்றது.

"டேய், நீ தபால் ராஜன் இல்ல?"

இவர் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"சுப்பையா அண்ணே..." என்றார் மெதுவாக. "ஜோகூருக்குப் போயிட்டீங்கன்னு சொன்னாங்க."

"போனேன், மகன் வீட்டுக்கு. ஒத்து வரல, திரும்பி வந்துட்டேன். இது ஒன் சம்சாரமா? உக்காரு தங்கச்சி. ஒன் வீட்டுக்காரன் சின்ன வயசுல இங்க தோட்ட ஆபீஸ்ல தபால் பையன், தெரியுமா? நான் அப்ப இங்க தண்டல். தண்டல்னா வேலையாளுங்களுக்கு மேஸ்திரி. இந்தப் பக்கம் இருக்கிற அத்தன தோட்டத்துக்கும் சைக்கிள்ல தபால் பையைக் கொண்டு போனவன் இவன். கண்ணக் கட்டி விட்டாலும் போய்ச் சேருவான். புதுசா வர்ற மானேஜருக்கெல்லாம் இவன்தான் வழி காட்டுவான்."

அப்போது அவர் கண் ஹேண்டில் பக்கம் போனது. எழுந்துபோய்ப் பெட்டியைக் குனிந்து பார்த்தார். திருகைத் திருப்பினார்.

"என்னடா இது? வழியா? ஒனக்கா?" அவருக்கு வந்த சிரிப்பில் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒனக்கு வழி எழுதி வெச்சு ஓட்டுறியா? ஐயோ சாமி!"

இவர் டீ கிளாசுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். தோட்ட ஆபீசில் கொஞ்ச நாள் வேலை பார்த்தேன் என்று மட்டும் இவர் எப்போதோ சொன்னதுண்டு. ஆபீஸ் என்றால் நாற்காலி, மேசை என்றுதான் நான் நினைத்தேன். நேற்று வந்த ஒரு டீக்கடைக்காரருக்குத் தெரிந்த என் புருஷனை எட்டு வருஷமாக எனக்குத் தெரியவில்லை. அந்த மனுஷன் மேலும் எனக்குப் பொறாமை வந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? வந்தது.

6

தோட்டத்தில் அந்த வீட்டு டி.வி.யை இவர் பிரித்துச் சேர்க்கும்வரை நான் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கார அக்கா பலகாரம் கொண்டுவந்து வைத்தாள். தட்டை அப்படியே தள்ளி வைத்தேன். வேலை முடிந்து, கருவிப் பையைக் கட்டிக்கொண்டு வண்டியிடம் வந்தோம். லயத்து வீடுகளைத் தாண்டி, யாரும் இல்லாத இடத்தில் நிறுத்தச் சொன்னேன்.

"எல்லா வழியும் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"முதல்லேர்ந்தே?"

"ஆமாம்லா."

"அப்ப எதுக்கு என்னைக் கேட்டீங்க?"

இவர் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "வந்த மாசம் முழுக்க நீ சமையக்கட்டுல உக்காந்து அழுதுகிட்டு இருந்தே. கடைக்குப் போலாம், படத்துக்குப் போலாம்னு கூப்பிட்டேன். வரமாட்டேன்னுட்டே. சும்மா கூப்பிட்டா நீ வரமாட்டே வசந்தா. வேலை இருக்குன்னா வருவே. அதான் எனக்கு வழி தெரியாதுன்னேன். வந்தே. அழுகையும் நின்னுச்சு. அப்புறம் எப்ப உண்மையைச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல. என்னை அடையாளம் தெரிஞ்ச பழைய ஆளுங்களும் இங்க யாரும் இல்ல."

"அப்ப இந்தப் பெட்டி?"

"நீ வராம நான் மட்டும் கரெக்டா போய்ட்டு வந்தா உனக்குத் தெரிஞ்சிடுமே. வழி தெரியாதவன் எப்படிப் போறது? அதான் பெட்டி செஞ்சேன்."

"எட்டு வருஷமாப் பொய்யா? எல்லாமே?"

"வடக்க கமுந்திங் பக்கம் நிஜமாவே தெரியாதுலா" என்றார் பாவமாக.

மற்றொருத்தியாக இருந்தால் அந்த இடத்தில் உருகியிருப்பாள். எனக்கு உருகவில்லை. ஆத்திரம்தான் வந்தது. நான் வழிகாட்டுகிறேன் என்று முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்த அத்தனை புதன்கிழமையும் இந்த மனுஷன் முன்னால் உட்கார்ந்துகொண்டு, தெரிந்த வழியை எனக்காகத் தெரியாத மாதிரி ஓட்டியிருக்கிறார். அழுகிற பிள்ளை கையில் கிலுகிலுப்பை கொடுப்பது போலக் கொடுத்திருக்கிறார். அதைப் போய் நான் என் சொத்து என்று நினைத்து, ஒரு தகரப் பெட்டியோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன். இந்த வேகத்தில் இன்னொன்று உறைத்தது எனக்கு.

"புஷ்பாவுக்குத் தெரியுமா?"

"என்ன?"

"உங்களுக்கு வழி தெரியும்னு."

இவர் தலைக்கவசத்தின் வாரைத் திருகினார். "ஒரு துண்டுக் காகிதத்தைக்கூடப் பாக்காம கட கடன்னு நான்தான் சொன்னேன், அது அடிச்சுது. தெரியாம இருக்குமா? 'அண்ணே, இவ்வளவு தெரிஞ்ச ஆளுக்கு எதுக்குண்ணே இது'ன்னு கேட்டுச்சு. சொன்னேன்."

"என்னன்னு சொன்னீங்க?"

"எங்க வீட்டுல உள்ள ஆளுக்குத் தெரியக் கூடாதுன்னு."

ஆக, புஷ்பாவுக்குத் தெரியும். சுப்பையாவுக்குத் தெரியும். இந்தத் தோட்டத்து மரம் மட்டைக்கெல்லாம் தெரியும். எனக்குத்தான் தெரியாது. "ஏறுங்க, போலாம்" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

வண்டி செம்பனைக்குள் போயிற்று. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மரம், ஒரே மாதிரி செம்மண். கொஞ்ச தூரத்தில் பாதை பிரிகிற இடம் வந்தது. வலது பக்கம் போனால் பெரிய ரோடு. இடது பக்கம் பழைய ரப்பர் ஆலை, அதைத் தாண்டினால் ஆறு. முன்பு அங்கே ஒரு மரப்பாலம் இருந்தது. வெள்ளத்தில் போய்விட்டது. அதற்கு அப்பால் பாதையே கிடையாது. அது எனக்குத் தெரியும். இவருக்கும் தெரியும்.

இவர் வழக்கம்போல வேகத்தைக் குறைத்தார். கட்டைவிரல் திருகுக்குப் போகவில்லை. ஆனால் வீட்டுக்காரி எட்டிப் பார்க்கிறாள் என்று பெட்டிக்குத் தெரியுமா? திரும்பும் வழிக்கென்று முன்பே திருப்பி வைத்த வரி, பொட்டு உதிர்ந்துவிட்ட ஜன்னலில் நின்றது. அந்த ஒரு வார்த்தையை வாசிக்க எனக்குக் கவிதா தேவையில்லை. கானான். வலது.

இவர் தலையை லேசாகப் பின்னால் சாய்த்தார். "எங்கலா?" என்றார்.

இன்னுமா? இவ்வளவுக்குப் பிறகும் இன்னுமா இந்த நாடகம்? எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"இடது" என்றேன்.

வண்டி நின்றது. என்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இவர் பெட்டியைப் பார்த்தார். இடது பக்கத்துப் பாதையைப் பார்த்தார்.

"இடதா?"

"இடதுதான்."

கியரைப் போட்டு இடது பக்கம் திருப்பினார்.

ஆலையைத் தாண்டினோம். புல் கால்முட்டி வரை வளர்ந்திருந்தது. பள்ளத்தில் இறங்கி ஏறும்போது என் கை தானாகவே இவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டது. இப்போது நிறுத்துவார், இப்போது திருப்புவார் என்று நான் ஒவ்வொரு மரத்துக்கும் நினைத்தேன். நிறுத்தவில்லை. பாதை முடிந்து, கீழே ஆறு கலங்கலாக ஓடுவது தெரிந்த பிறகுதான் பிரேக் பிடித்தார். பாலத்தின் கட்டைகள் இரண்டு மட்டும் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தன.

என்ஜினை அணைத்தார்.

"ரோடு முடிஞ்சு போச்சு" என்றார்.

"இங்க வந்து முடியும்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"அப்புறம் எதுக்குத் திருப்பினீங்க?"

இவர் திரும்பி என்னைப் பார்த்தார். கேள்வியே புரியாத மாதிரி ஒரு பார்வை.

"நீதானே சொன்னே" என்றார்.

நான் இறங்கவில்லை. வண்டியைத் திருப்பவும் சொல்லவில்லை. இவர் தோளுக்கு மேலே எட்டி ஹேண்டிலைப் பார்த்தேன். எக்ஸ்ரே கண்ணாடிக்குப் பின்னால், புஷ்பா அடித்த அந்த அழகான எழுத்தில், பெட்டி இன்னமும் வலது, வலது என்றே சொல்லிக்கொண்டிருந்தது. சொல்லட்டும் என்று நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன்.